பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் நெடுந்தூரம் போக: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய புல்லட் 350 ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் போய் நிற்பது சைலன்சர் கடையில். அடுத்து ஹேண்டில்பார், அப்புறம் அலாய் வீல். செலவெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பினால், வண்டி விழுப்புரம் தாண்டுவதற்குள் நின்றுவிடும். நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் வண்டியைத் தொழிற்சாலை கொடுத்த அளவுகளுக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள். அப்படியே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அதற்குள் தெரிந்துவிடும். முதலில் ஆசைப்பட்டதில் பாதி தேவைப்படாது.

இங்கே பேசுவது வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள, சி.பி. பாயிண்ட்டில் (பிளக்கில் பொறி வர, கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்) ஓடும் காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டைப் பற்றி. 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான அந்த இன்ஜின் அரை நூற்றாண்டுக்குப் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. 346 சி.சி., 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 18 குதிரைத்திறன். இத்தனை வருடம் ஒரே வடிவத்தில் வந்ததால்தான் இன்றும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுப் பாகங்களும் புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் கிடைக்கின்றன. எதை வாங்கப் போனாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். நட்டு போல்ட்டுக்கு இது இன்னும் முக்கியம். இந்த வண்டியில் பழைய பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்து கிடக்கும். கிட்டத்தட்டச் சேர்கிற நட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

இன்ஜினின் ஒரு குணத்தை ஆரம்பத்திலேயே மனதில் வையுங்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ்தான். ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றும் புஷ் அது. ஆயில் போதாமல் போனாலோ, இன்ஜினைத் தொடர்ந்து விரட்டினாலோ அடி வாங்குவது அந்த இடம்தான். 60, 65 என்று நாள் முழுக்க ஓடும் இந்த வண்டி 90-இல் நீண்ட நேரம் போவதற்குச் செய்யப்பட்டதல்ல. கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஸ்பானர் எடுப்பதற்கு முன்

ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் ஒத்துப் பாருங்கள். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அது ஐந்து ஐந்து வருடமாகத்தான் நீளும். எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியும் இன்ஷூரன்சும் சரியாக இல்லாத வண்டியில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். நம்பர் ஒத்துப்போகாத வண்டி என்றால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

முதலில் பிரேக்

இன்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். பிரேக் முடிந்த பிறகுதான் அது. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறுவதற்கு இந்த இன்ஜின் அலட்டிக்கொள்ளாது. இறங்கும்போது உங்களைக் காப்பாற்ற வேண்டியது முன் டிரம் பிரேக்.

முன் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால் தூசி கொட்டும். அதை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஆயிலில் ஊறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஷூவை விரிக்கும் கேம் ஸ்பிண்டில் காய்ந்து இறுகியிருக்கும். அதைக் கழற்றி, துரு எடுத்து, கிரீஸ் மெல்லிய பூச்சாகப் பூசினாலே பிரேக் பாதி உயிர் பெறும். கிரீஸ் அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும்.

அடுத்தது பலர் செய்யாமல் விடும் வேலை. சக்கரத்தை மாட்டி ஆக்சில் நட்டைக் கையால் மட்டும் பிடிக்கும் அளவுக்கு வையுங்கள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு முன் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே ஆக்சில் நட்டை இறுக்குங்கள். ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் போய் உட்காரும். பிறகு பிரேக்கை அழுத்தியிருக்கும்போது, டிரம் பிளேட்டில் உள்ள லீவரும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். லீவர் அதைத் தாண்டிப் போய்விட்டால் உங்கள் கைபலம் வீணாகிறது. உங்களுடையது இரண்டு கேம் உள்ள ஏழு அங்குல டிரம் என்றால் இரண்டையும் இணைக்கும் ராடைச் சரிசெய்ய வேண்டும். ஒரு ஷூ முதலில் தொட்டு மற்றது பின்தங்கினால் அது ஒரே கேம் உள்ள பிரேக்கைவிட மோசமாக நிற்கும்.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு எண் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பழைய வண்டிகளில் பத்து வருடம் ஆன, பட்டன் தேயாத டயர்கள் சாதாரணம். அவை கல்லாக இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. ஸ்போக்குகளை ஒரு ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது.

ஆயில்

மாதக்கணக்கில் நின்ற புல்லட்டில் புதியவர்கள் ஏமாறும் இடம் இது. ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயிலே இல்லாததுபோல் இருக்கும். உடனே ஒரு லிட்டர் ஊற்றுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை மண்டும், சந்துபொந்தெல்லாம் ஆயில் கக்கும். ஆயில் எங்கேயும் போகவில்லை. இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸின் ஒரு பகுதியாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. வண்டி நிற்கும்போது அங்கிருந்து பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அதனால் அளவு பார்ப்பது எப்போதும் இன்ஜின் சில நிமிடம் ஓடி நின்ற பிறகு.

முதல்முறை அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி முழுவதும் வடித்துவிடுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் கவலை இல்லை. செதில் செதிலாக உலோகம் மின்னினால் இன்ஜினைத் திறக்காமல் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வலது பக்க டைமிங் கவரில் உள்ள ஃபில்டரை மாற்றும்போது வாஷரும் ஸ்பிரிங்கும் எந்த வரிசையில் வந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 20W50 மினரல் ஆயில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) விட்டு, சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். சில நொடிகளில் ஆயில் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

"புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்பதை நான் ஏற்பதில்லை. பல வண்டிகளில் ஒழுக்குக்குக் காரணம் கேஸ்கெட் அல்ல, பிரீதர். கிராங்க் கேஸின் இடது பக்கம், சிலிண்டருக்குக் கீழே ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். உள்ளே சேரும் காற்றழுத்தத்தை வெளியே விட்டு, திரும்ப உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. அந்த ரப்பர் இறுகி வெடித்துவிட்டால் அழுத்தம் வெளியேற வேறு வழி தேடி ஒவ்வொரு மூட்டிலும் ஆயிலைத் தள்ளும். கேஸ்கெட் செட் வாங்கும் முன் அந்தச் சின்ன ரப்பரை மாற்றிப் பாருங்கள்.

டேப்பட், பாயிண்ட், டைமிங்

டேப்பட் என்றால் வால்வுகளைத் தள்ளும் பாகங்களின் தளர்வு, டைமிங் என்றால் பிளக்கில் பொறி விழும் நேரம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் புல்லட் ஒரே உதையில் எழுந்திருக்கும். மூன்றையும் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுவழியில் பாயிண்ட் செட் பண்ணத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது.

டேப்பட் வேலையை இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் காலையில் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். பிளக் ஓட்டையில் விரல் வைத்தால் காற்று விரலைத் தள்ளும் நேரம் தெரியும். பிஸ்டன் அப்போது கம்ப்ரெஷனில் மேலேறுகிறது. இன்னும் கொஞ்சம் சுற்றி உச்சியில் நிறுத்துங்கள். வலது பக்கம் சிலிண்டரின் அடியில் ஒற்றை நட்டில் நிற்கும் மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடும் தெரியும். இரண்டு விரலால் ஒரு ராடைப் பிடித்து உருட்டுங்கள். தடையில்லாமல் உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் துளியும் ஆடக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் சரியான அளவு. ஃபீலர் கேஜ் இங்கே தேவைப்படாது. ஆடினால் லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். லாக் நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பாருங்கள். உருளாத அளவுக்கு இறுகிய டேப்பட் எக்சாஸ்ட் வால்வை எரித்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு மயிரிழை தளர்வாகவே விடுங்கள், லேசான டக்டக் சத்தத்தால் கெடுதல் இல்லை.

பாயிண்ட் மூடியைத் திறந்து, இரண்டு முனையும் அதிகம் விலகும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். இடைவெளி 0.35-இல் இருந்து 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முனைகளை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு பெட்ரோலில் நனைத்த தபால் அட்டை மாதிரி ஒன்றை இடையில் விட்டு இழுங்கள். ஒரு துகள் மாட்டிக்கொண்டாலும் கரண்ட் போகாது.

டைமிங் பார்க்க வண்டியிலேயே கருவி இருக்கிறது. ஹெட்லைட் மூடியில் உள்ள ஆம்பியர் மீட்டர்தான் அது. இக்னிஷனைப் போட்டு, இன்ஜினைக் கையால் மிக மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது முள் இடது பக்கம், டிஸ்சார்ஜ் திசையில் சாய்ந்திருக்கும். பாயிண்ட் விலகும் கணத்தில் நடுவுக்கு வந்துவிடும். கம்ப்ரெஷனில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் இருக்கும்போது, முள் நடுவுக்கு வர வேண்டும். பிளக் ஓட்டையில் வளையாத மெல்லிய குச்சி ஒன்றை நேராக விட்டால் பிஸ்டனின் நிலை தெரியும். முன்னதாகவே முள் திரும்பினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். உச்சி தாண்டித் திரும்பினால் இழுவை இருக்காது, இன்ஜின் சீக்கிரம் சூடாகும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி உடலை லேசாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இந்த வேலை நடக்கும்போது இக்னிஷனை நீண்ட நேரம் போட்டே வைக்காதீர்கள், காயில் சூடாகிவிடும்.

ஸ்டார்ட் செய்வதும் அதே முள்ளை வைத்துத்தான். இக்னிஷன் போடுங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தி, கம்ப்ரெஷன் தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். டிகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். டிகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் முழு வீச்சில் ஒரே உதை.

பெட்ரோல்

பழைய டேங்கில் துரு நிச்சயம் இருக்கும். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் கால ரப்பர்களை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் டியூபையும் டேப்பின் வாஷரையும் இந்தப் பெட்ரோலைத் தாங்கும் புதிய வகைக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மிக்கார்ப் கார்புரேட்டரின் ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றடித்தால் போதும். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு சரியான நிறம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம். வெளுத்த பிளக்கோடு மலை ஏறக்கூடாது.

செயின் பக்கம்

இன்ஜினில் இருந்து கிளட்ச்சுக்குப் போகும் பிரைமரி செயினுக்கும் கிளட்ச்சுக்கும் தனி ஆயில், அளவு பார்க்கத் தனி போல்ட். இன்ஜின் ஆயில் மாற்றும்போது இதை மறந்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் வேறு ரகம், அதில் கிரீஸும் ஆயிலும் கலந்து போடுவது வழக்கம். வெறும் ஆயில் ஊற்றினால் தங்காது. பின் செயினை அட்ஜஸ்ட் செய்ய இரண்டு பக்கமும் பல் வெட்டிய கேம் இருக்கும். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை பல் வர வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகும். செயின் எந்த இடத்தில் அதிக இறுக்கமோ அங்கே வைத்து ஆட்டம் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட் டிரம்மோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. பல் கூர்மையாகத் தேய்ந்துவிட்டால் டிரம்மே மாற வேண்டியதுதான். செயினைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு மிச்சம் என்று அப்போது புரியும்.

இனி மாற்றங்கள்

ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததா? தளர்ந்த நட்டுகளை எல்லாம் ஒரு சுற்று இறுக்கிவிட்டு இங்கே வாருங்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஃப்ரேமை வெட்டி ஒட்டும் வேலையை நினைக்கவே வேண்டாம்.

பயணத்துக்கு உண்மையில் உதவும் மாற்றங்களில் முதலாவது ஒயரிங். பழைய ஒயர்களின் மேல் உறை உதிர்ந்து, எங்கோ ஒரு வளைவில் ஃப்ரேமைத் தொட்டு ஃபியூஸைப் போக்கும். முழு ஒயரிங்கையும் புதிதாகப் போட்டு, ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துவிடுங்கள். கரண்ட் பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றி வராமல் பேட்டரியில் இருந்து நேரே பல்புக்குப் போகும். அதே பல்பு பளிச்சென்று எரியும். 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இரவுப் பயணம் போவதாக இருந்தால் 12 வோல்ட்டுக்கு மாறுவது நல்லது. மாறிய பிறகு, இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பதினான்கு வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

இரண்டாவது, பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். பராமரிப்பு குறையும், ஸ்லோ நன்றாக நிற்கும். ஆனால் அது கெட்டால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. நான் சிபாரிசு செய்வது நல்ல பாயிண்ட், நல்ல கண்டன்சர், டூல் பாக்ஸில் ஒரு ஜோடி உபரி.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் அதே வேகத்தில் இன்ஜின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். சமவெளியில் சுகம், பாரத்தோடு மலை ஏறினால் கியர் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஸ்பிராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் சேர்த்துச் செய்யுங்கள்.

டிஸ்க் பிரேக்குக்கு, பிற்கால மாடல்களின் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் அப்படியே மாட்டுபவர்கள் உண்டு. நிற்பதில் வித்தியாசம் தெரியும். ஆனால் எஃப்.சி.க்குப் போகும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி டிரம்மைச் சீர்செய்யாமல் அதைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

கேரியரில் பாரம் வைக்கும்போது கனமான பையைப் பக்கவாட்டில் தாழ்வாக, ஷாக் அப்சார்பருக்கு முன்னால் வருகிற மாதிரி கட்டுங்கள். பின் விளக்குக்கு மேல் உயரமாகக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். சைலன்சரைப் பொறுத்தவரை ஒரிஜினலே இருக்கட்டும். திறந்த சைலன்சர் மாட்டி ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவையில் காற்று அதிகமாகி இன்ஜின் சூடாகும், மாட்டியவரைத் தவிர ஊரில் யாருக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது.

கிளம்பும்போது

டூல் பாக்ஸில் இருக்க வேண்டியவை: பாயிண்ட், கண்டன்சர், பிளக், செயின் லாக், ஃபியூஸ், டியூப், டயர் லீவர், சின்னப் பம்ப், அரை லிட்டர் ஆயில், கொஞ்சம் கட்டுக்கம்பி. கிளட்ச் கேபிளை மட்டும் பாக்ஸில் போடாதீர்கள். புதுக் கேபிளைப் பழையதை ஒட்டியே ஓடவிட்டு, இரண்டு முனையையும் பிளாஸ்டிக் உறையால் மூடி டேப் சுற்றி வையுங்கள். வழியில் பழையது அறுந்தால் டேங்கைத் தூக்க வேண்டியதில்லை, முனைகளை மாற்றி மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். மணிக்கு ஒருமுறை நிறுத்தி இன்ஜினை ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் இன்ஜின் மவுண்டிங் போல்ட், சைலன்சர் கிளாம்ப், நம்பர் பிளேட் இந்த மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள், அதிர்வில் முதலில் கழல்பவை இவைதான்.